சி சரியானால் இ மைனர் கெடுகிறது: ஒரு மலிவு எலெக்ட்ரிக் கிட்டாரின் நிகழ்வு ஆய்வு

கிட்டாரும் அதை வாங்கியவனும்

கிட்டார், ஆம்ப், கேபிள், உறை, பிக் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொடக்கநிலை செட் அது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்அப் மூன்று, ஐந்து நிலை ஸ்விட்ச், ஆறு திருகில் உட்கார்ந்து சுருதியை அசைக்க உதவும் ட்ரெமலோ பிரிட்ஜ். ஃபெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட இந்த வடிவத்தை நகலெடுக்காத தொழிற்சாலையை இன்று தேடத்தான் வேண்டும். அளவும் அதே அளவு: கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைப் பள்ளத்தில் தாங்கும் நட்டிலிருந்து உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். மாட்டியிருந்தவை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், 9இல் தொடங்கி 42இல் முடியும் மெல்லிய கம்பிகள்.

வாங்கியவன் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன். இணையப் பாடங்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டவன். சில மாதம் விடாமல் வாசித்துவிட்டு, கிட்டாரை விற்றுவிடலாமா என்று கேட்க வந்திருந்தான். வரும்போதே தீர்ப்பையும் எழுதி எடுத்து வந்திருந்தான்.

"அண்ணா, எனக்குக் காதே இல்லைன்னு நினைக்கிறேன். சி கார்டு நல்லா வர்ற மாதிரி ட்யூன் பண்றேன். அடுத்து இ மைனர் அடிச்சா கேவலமா இருக்கு. அதைச் சரி பண்ணினா சி போயிடுது. எஃப் பார் கார்டு பத்திப் பேசவே வேண்டாம்."

காது இல்லாதவனுக்கு இந்த வித்தியாசமே கேட்டிருக்காது. இரண்டு கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்புகளில்) எது கெடுகிறது, எதைத் திருத்தினால் எது போகிறது என்பது வரை சொல்கிறான் என்றால் கோளாறு காதில் இல்லை. கூடவே வேறு சில புகார்களும் இருந்தன. கழுத்தின் (நெக்) குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்களில் எட்டாவதில் மெல்லிய கம்பிகள் 'ஜிர்ர்' என்று செத்துப்போயின. ஆம்பைப் போட்டாலே இரைச்சல். கம்பியை ஒருமுறை வளைத்தால் மொத்தச் சுருதியும் தளர்ந்தது. கிட்டாரைக் கையில் வாங்கி நெக் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தேன், ஃப்ரெட் முனைகள் அரம்போலக் கீறின.

கேப்போ வைத்துப் பார்த்தது

கிட்டாரில் எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, ட்யூனரில் மறுபடி சுருதி சேர்த்து, அதே சி வடிவத்தையும் இ மைனர் வடிவத்தையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போயின. ஒரு விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பார் கார்டு வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். ஆறு கம்பியும் பேசின. முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் தெரிந்தது.

கேப்போ செய்தது ஒரே ஒரு காரியம். நட்டை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. கம்பிகள் இப்போது நட்டின் பள்ளத்திலிருந்து அல்லாமல் முதல் ஃப்ரெட்டின் தலையிலிருந்து புறப்படுகின்றன. அதனால் கிட்டார் சரியாகிவிட்டது என்றால் குற்றவாளி நட். வேறு விசாரணை தேவையில்லை.

அளந்தும் பார்த்தோம். திறந்த கம்பிகளை ட்யூனரில் சரியாக நிறுத்திவிட்டு முதல் ஃப்ரெட்டில் பிடித்தபோது 2ஆம் கம்பி (மெல்லியதிலிருந்து எண்ணினால்) 12 சென்ட் ஏறியிருந்தது, 3ஆம் கம்பி 20 சென்ட். ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பதே 100 சென்ட்தான். கம்பி நட்டில் உயரமாக உட்கார்ந்திருந்தால் ஃப்ரெட்டைத் தொட அதிக தூரம் இறங்க வேண்டும். இறங்கும்போது இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். நட்டுக்கு ஒட்டிய ஃப்ரெட்டில்தான் இது உச்சம். மேலே போகப்போகக் குறைந்து, ஐந்தாவது ஃப்ரெட் வாக்கில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். தொடங்குபவர் வாசிப்பதெல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் என்பதால் முழு அடியும் அவருக்கே விழுகிறது. நடுக்கழுத்தில் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இதே கிட்டாரை வாங்கிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லியிருந்தார். பையனுக்குத் தன் மேலிருந்த சந்தேகம் அதில் உறுதியாகிவிட்டது.

சி, இ மைனர் புதிருக்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. சி கார்டில் 2ஆம் கம்பியை முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிறோம். அங்கே வரும் சுரம், 5ஆம் கம்பியில் பிடித்த சி-க்கு மேல் ஸ்தாயி. ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் ஒலிக்கும்போது 12 சென்ட் விலகல் நன்றாகவே உறுத்தும். பையன் காதை நம்பி 2ஆம் கம்பியைக் கொஞ்சம் இறக்கினான், சி இனித்தது. இ மைனரில் அதே 2ஆம் கம்பி திறந்து ஒலிக்கிறது. திறந்த இ கம்பிகளுக்குப் பஞ்சமமாக ஒட்ட வேண்டிய சுரம் அது. இறக்கிவிட்ட கம்பி எப்படி ஒட்டும்? அதை ஏற்றினால் சி மறுபடி போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் மாதக்கணக்கில் ட்யூனர் கட்டையைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஏன் இப்படி அனுப்புகிறார்கள்

மலிவு கிட்டார் என்றால் மோசமான மரம், மோசமான பிக்அப் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கிட்டாரின் மரவேலையில் சொல்லும்படி குறை எதுவும் இல்லை. உடலும் நெக்கும் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் வெட்டியவை. ஃப்ரெட் பள்ளங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 324 மில்லிமீட்டர், கச்சிதமாகப் பாதி. இயந்திரத்துக்கு விலையுயர்ந்த கிட்டார், மலிவு கிட்டார் என்ற பேதம் கிடையாது.

விலையைக் குறைத்தது கடைசியில் செய்ய வேண்டிய கைவேலையில். ஃப்ரெட்களைச் சமன்செய்வது, முனைகளை உருட்டுவது, நட்டில் ஒவ்வொரு பள்ளத்தையும் கம்பி வைத்துப் பார்த்துப் பார்த்து ராவுவது எல்லாம் ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை. நேரம் தின்கிற வேலையும்கூட. அதிலும் நட்டை உயரமாக விடுவது சும்மா நடக்கிற அலட்சியம் இல்லை. பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும். கடையில் எடுத்த எடுப்பிலேயே தெரியும், கிட்டார் திரும்பி வந்துவிடும். உயரமாக விட்டால் இரையாது, விரல்தான் வலிக்கும். புதிதாகக் கற்பவர் விரல் வலிக்குக் கிட்டாரைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். கருவியின் மேல் தெரியும் குறை தொழிற்சாலைக்குத் திரும்பும். வாசிப்பவர் மேல் தெரியும் குறை அவரோடு வீட்டிலேயே தங்கிவிடும். மலிவு கிட்டார்களில் இந்த ஒரு குறை இத்தனை பரவலாக இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

மலிவு கிட்டார் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. நேத்தன் டேனியல் தொடங்கிய டேன்எலெக்ட்ரோ, மரச்சட்டத்தின் மேல் மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகையை ஒட்டி, பிக்அப்பை லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்து விற்றது. சிக்கனம் பொருளில் இருந்தது, வாசிக்கிற வசதியில் அல்ல. லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையிலேயே அதை வைத்து வாசித்தார். பழைய மலிவு கிட்டார்கள் பலவற்றில் நட்டுக்கு முன்னால் பூஜ்ய ஃப்ரெட் என்று ஒன்று இருக்கும். கம்பியின் உயரத்தை அந்த ஃப்ரெட்டே தீர்மானிக்கும், நட்டின் வேலை கம்பியை வரிசையில் நிறுத்துவது மட்டும். ஆள்கூலியை மிச்சம் பிடிக்க அருமையான வழி. அதை மலிவின் அடையாளம் என்று வாங்குபவர்கள் முகம் சுளித்தே ஒழித்துவிட்டார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நெக்கும் நட்டும்

வேலையில் வரிசை முக்கியம். நெக் வளைவைத் தொடாமல் நட்டைத் தொட்டால் பின்னால் எல்லாக் கணக்கும் மாறும். பழைய கம்பிகளைக் கழற்றி அதே கனத்தில் புதுக் கம்பி மாட்டினோம். முதல் ஃப்ரெட்டில் ஒரு கை, நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டில் இன்னொரு கை என்று தடித்த கம்பியை அழுத்திக்கொள்ள, கம்பியே நேர்க்கோடாகிவிடும். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினால் 0.5 மில்லிமீட்டர் காட்டியது. பாதி போதும். நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத்தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று இறுக்கிவிட்டு அன்றைக்கு அப்படியே வைத்துவிட்டோம். மரம் உடனே பதில் சொல்லாது. மறுநாள் 0.25க்கு அருகில் வந்திருந்தது. ட்ரஸ் ராடுக்குப் பயப்படத் தேவையில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பக்கூடாது, மக்கர் பண்ணினால் பலம் காட்டக்கூடாது.

அடுத்து நட். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே கூடு. நட் ராவுவதற்கென்றே கம்பியின் கனத்துக்கு ஏற்ற சிறு அரங்கள் உண்டு. அவை இல்லாதவர்கள் நட்டைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் தட்டையான கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து ஆறு கம்பியையும் சேர்த்தே இறக்கலாம். அது கொஞ்சம் மொட்டையான வழி, ஆனால் வேலை செய்யும். என்னிடம் அரம் இருந்ததால் பள்ளம் பள்ளமாகப் போனோம்.

கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கி, அரத்தை ட்யூனர் கட்டைகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றே சரித்துப் பிடித்து, இரண்டு மூன்று இழுப்பு. பிறகு கம்பியைத் திரும்பப் பள்ளத்தில் வைத்து, சுருதிக்கு ஏற்றி, மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அங்கே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளி இருந்தது. ஒரு தாள் நுழைகிற அளவுக்கு அது சுருங்கியதும் நிறுத்த வேண்டும். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டுவிட்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். கம்பியை நகத்தால் தட்டினால் 'டிக்' என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம் வரும், இடைவெளி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அரத்தைச் சரித்துப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. கம்பி பள்ளத்தின் முன்விளிம்பிலிருந்து புறப்பட வேண்டும். பள்ளம் சமதளமாகவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தோ போனால், தம்பூராவில் நூல் செருகி வேண்டுமென்றே எழுப்புகிற ரீங்காரம் இங்கே வேண்டாமலே வந்துவிடும்.

3ஆம் கம்பியின் பள்ளம் இறுக்கமாகவும் இருந்தது. ட்யூனர் கட்டையைத் திருப்பும்போது சுருதி அசையாமல் நின்று, பிறகு 'டிங்' என்று தாவியது. சுருதி நிற்கவில்லை என்று சொல்லி ட்யூனர் கட்டைகளை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர், பாதி நேரம் கட்டை நிரபராதி. பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பென்சில் முனையால் கருப்பு பூசினோம். தாவல் நின்றது. பள்ளம் ஆழமாகிவிட்டால் என்ன செய்வது என்று பையன் அரத்தைப் பிடிக்கவே தயங்கினான். சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல்லாக இறுகும், மறுபடி ராவலாம். இல்லாவிட்டாலும் கிட்டாரில் விலை குறைந்த பாகங்களில் ஒன்று நட்தான். கடைசி மூன்று பள்ளங்களை அவனே ராவினான்.

முடிவில் 2ஆம் கம்பி முதல் ஃப்ரெட்டில் 4 சென்ட், 3ஆம் கம்பி 7 சென்ட். சாதாரண நட்டில் இது பூஜ்யமாகாது, ஆகவும் வேண்டியதில்லை.

அதன் பிறகு பிரிட்ஜ். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 2.8 மில்லிமீட்டர் இருந்த தடித்த கம்பியின் உயரத்தை 1.8க்கும், மெல்லிய கம்பியை 1.5க்கும் இறக்கி, நடுக்கம்பிகளை ஃப்ரெட் பதித்த பலகையின் வளைவுக்கு ஏற்ப அமைத்தோம். கழுத்து நெடுகச் சுருதி பொருந்துவதற்கான இன்டொனேஷனில் சொல்ல அதிகமில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்த சுரம், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் நகர்த்த வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். தேய்ந்த கம்பியில் இதைச் செய்வது வீண்வேலை.

கம்பியை வளைத்தால் மொத்தச் சுருதியும் தளர்ந்ததற்குக் காரணம் மிதக்கும் ட்ரெமலோ. பின்பக்க ஸ்ப்ரிங்குகளும் முன்பக்கக் கம்பிகளும் பிரிட்ஜை இரு பக்கமும் இழுத்துச் சமநிலையில் வைத்திருக்கின்றன. ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜ் அசையும், மற்ற ஐந்தும் தளரும். பின்மூடியைக் கழற்றி, ஸ்ப்ரிங் மாட்டிய தகட்டின் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிட்டோம். பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடி உறைக்குள் போய்விட்டது. கற்கும் பருவத்தில் அதை யாரும் தேடப்போவதில்லை.

ஒன்பதாவது ஃப்ரெட்

எட்டாவது ஃப்ரெட்டில் கம்பி செத்தால் தப்பு எட்டில் இருக்காது, அடுத்த ஒன்பதில் இருக்கும். சந்தேகத்தை உறுதிசெய்ய ஏடிஎம் அட்டை போதும். அட்டையின் குறுகிய ஓரம் 54 மில்லிமீட்டர். கழுத்தின் நடுப்பகுதியில் அது சரியாக மூன்று ஃப்ரெட்டுக்கு மேல் உட்காரும். 8, 9, 10 மேல் வைத்தபோது மெல்லிய கம்பிப் பக்கம் அட்டை ஊஞ்சல் ஆடியது. நடுவில் இருப்பது உயர்ந்திருந்தால் மட்டுமே ஆடும். ஃப்ரெட்டின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் மேலே வந்தது. அடித்து இறக்கியபோது அந்த முனை பிடிக்காமல் விட்டிருக்கிறது.

இப்படி அசைகிற ஃப்ரெட்டை ராவித் தீர்க்கப் பார்ப்பது தவறு. முதலில் உட்கார வைக்க வேண்டும். இருபுறமும் பலகையில் டேப் ஒட்டி, தண்ணீர்போல ஓடும் ரக சூப்பர் குளூவை முனையில் ஒரு சொட்டு விட்டு, மரத்துண்டு வைத்து கிளாம்பால் இறுக்கினோம். காய்ந்த பிறகு அட்டை ஆடவில்லை. ஃப்ரெட் முனைகள் கீறியது இன்னும் எளிய விஷயம். தொழிற்சாலையை விட்டு வந்தபின் பலகை காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே நீட்டும். சின்ன அரத்தால் நீளவாக்கில் ராவி உருட்டினால் தீர்ந்தது.

பலகை லாரல் மரம். ரோஸ்வுட் இல்லையே என்று பையனுக்கு ஒரு குறை இருந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் மொத்தமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பல கிட்டார் நிறுவனங்கள் வேறு மரங்களுக்குத் தாவின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, ஆனால் மலிவு ரகங்களில் லாரல் தங்கிவிட்டது. வாசிப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கொஞ்சம் எண்ணெய் தடவினால் நிறமும் கறுத்துவிடும்.

இரைச்சல்

சிங்கிள் காயில் பிக்அப் இரையும், அது அதன் பிறவிக்குணம். சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையை அந்தச் சுருள் வாங்கிக்கொள்கிறது. இந்த இரைச்சலைக் கொல்லத்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருளை வைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். ஆனால் எல்லா இரைச்சலும் அந்தக் கணக்கில் வராது. கம்பியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் இரைச்சல் அடங்கினால் கிட்டாரின் கிரவுண்ட் வயர் நலமாக இருக்கிறது. இந்தக் கிட்டாரில் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே சத்தம்.

பின்மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. ஸ்ப்ரிங் தகட்டுக்கு வரும் கறுப்பு வயரை லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. தகட்டின் மேல் ஈயம் பொட்டு வைத்ததுபோல் உருண்டையாக, மங்கலாக ஒட்டியிருந்தது. அந்தத் தகடு தடித்த இரும்பு, சூட்டை உறிஞ்சும். அவசரமாகப் பற்றவைத்தால் ஈயம் மேலே உறையும், உலோகத்தோடு சேராது. தகட்டை உப்புத்தாளால் கீறி, அகல முனை கொண்ட சால்டரிங் அயர்னைத் தகட்டின் மேல் நன்றாக வைத்துச் சுட்ட பிறகு ஈயத்தைக் காட்டினோம், பரந்து பளபளத்தது. பாதி இரைச்சல் அங்கேயே போயிற்று. கம்பி கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் ஒரு எச்சரிக்கை: ஆம்பின் எர்த் முனையை வெட்டியோ மறைத்தோ இரைச்சலைக் குறைக்கச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்கக்கூடாது. உயிர்போகும் விஷயம்.

ஆம்பைப் பற்றி இரண்டு வரி போதும். செட்டோடு வந்த சின்னப் பெட்டி, சின்ன ஸ்பீக்கர். தடித்த இ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ், அந்த ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்கிப் பேச முடியாது. பையன் ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் கெயினை முழுதாக ஏற்றி வைத்திருந்தான். தப்பு சுரத்தை மறைக்க அது உதவும், இரைச்சலையும் அதே கை தூக்கிவிடும். கெயினைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, மிட் கூட்டி, ட்ரெபிளைக் குறைத்ததில் பெட்டி மரியாதையாகப் பேசத் தொடங்கியது. கிட்டாரை மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் இந்தப் பெட்டியை மாற்றலாம்.

விரல் மறக்கவில்லை

நான் எதிர்பாராதது இதற்குப் பிறகு வந்தது. நட் சரி, ட்யூனர் சரி என்கிறது, நான் வாசித்தால் சி-யும் இ மைனரும் சேர்ந்தே நிற்கின்றன. பையன் வாசித்தால் இன்னும் ஏறுகிறது. முந்தியளவு இல்லை, ஆனால் ஏறுகிறது.

கையைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. உயரமான நட்டோடு மல்லுக்கட்டி அவன் கை ஒரு பலத்தைப் பழகியிருந்தது. கட்டைவிரல் நெக்கின் பின்பக்கம் பதிந்து நகம் வெளுத்திருந்தது. 9 கனக் கம்பிக்கு அந்தப் பலம் மிக அதிகம். ஃப்ரெட்டைத் தொட்ட பிறகும் அழுத்தினால் கம்பி ஃப்ரெட்டுக்குப் பின்னால் பலகையை நோக்கி மேலும் இறங்கும், மேலும் இழுபடும். நட் செய்த வேலையை இப்போது விரல் செய்துகொண்டிருந்தது.

இதற்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். விரலைக் கம்பி மேல் சும்மா வைத்து, வலக்கையால் சீராக மீட்டிக்கொண்டே, இடக்கை அழுத்தத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். முதலில் 'டப்' என்ற ஊமைச் சத்தம், பிறகு இரைச்சல், பிறகு சட்டென்று சுத்தமான சுரம். சுத்தமான அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து மறுபடி தளர்த்தி ஊமைக்குப் போக வேண்டும். ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் விரலை வைத்தால் இந்த அழுத்தம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்று அவனே கண்டுகொண்டான். "இவ்வளவுதானா அண்ணா?" என்றான். இவ்வளவுதான். பார் கார்டில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டியதில்லை என்பதும் கூடவே புரிந்தது. எஃப்-இல் அந்த விரல் பொறுப்பேற்பது 1, 2, 6ஆம் கம்பிகளுக்கு மட்டும், மற்ற மூன்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன.

கிட்டாரைச் சரிசெய்ய ஆன நேரத்தைவிட இந்தப் பிடியைத் தளர்த்த அதிக காலம் ஆயிற்று. முதல் நாளே நட் சரியாக இருந்திருந்தால் பழக்கமே வந்திருக்காது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கடையில் பார்க்க வேண்டியது

மலிவு கிட்டாரை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் தீர்க்க முடியாத குறை இருக்கிறதா என்று மட்டும் கடையில் பார்க்கச் சொல்வேன். ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கைப் பார்த்தால் லேசான குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கக்கூடாது. முறுக்கிய நெக்குக்கு மருந்து கிடையாது. இரண்டு ஓரக் கம்பிகளும் பலகையின் விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நெக் கோணலாக மாட்டியிருந்தால் மெல்லிய கம்பி பலகையை விட்டு வழுக்கி விழும். சிறு கோணல் என்றால் நெக் திருகுகளைத் தளர்த்தித் தட்டி நிமிர்த்தலாம், பெரிதானால் விட்டுவிடலாம். ட்ரஸ் ராட் இரு பக்கமும் சற்றுத் திரும்ப வேண்டும். பழைய கிட்டார் என்றால் அதை இறுகும் வரை இறுக்கி முடித்திருப்பார்கள், கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு பையிலிருந்து கேப்போ. முதல் ஃப்ரெட்டில் மாட்டியபின் கிட்டார் இன்பமாகிவிட்டால் அதில் குறை நட் மட்டும்தான், தைரியமாக வாங்கலாம். மாட்டியும் பார் கார்டு வலித்தால் நெக்கையும் பிரிட்ஜையும் பார்க்க வேண்டும். ஆம்ப் இல்லாமலே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை மீட்டிப் பார்ப்பது கடைக்காரரின் பொறுமையைச் சோதிக்கும், சோதிக்கட்டும். உடல் எந்த மரம், பிக்அப் எந்த ரகம், பிராண்டு எது என்பதெல்லாம் இதற்கப்புறம்தான். ஃபெண்டர் 1982இல் ஜப்பானில் செய்த கிட்டார்களுக்கு ஸ்கொயர் என்ற பெயரைச் சூட்டியதிலிருந்தே பெரிய வீட்டின் சின்னப் பெயர்கள் சந்தையில் உண்டு. நல்ல பெயர் இருந்தால் பின்னால் விற்க எளிது, நட் உயரம் பெயரைப் பார்த்து இறங்கிவிடாது.

மிச்சம்

கிட்டார் விற்பனைக்கு இல்லை. தீராமல் இருப்பது ஒன்று. ஐந்து நிலை ஸ்விட்சில் 2, 4 நிலைகளில் இரண்டு பிக்அப் சேர்ந்து ஒலிக்கும்போது இரைச்சல் அடங்க வேண்டும். நடு பிக்அப்பைக் காந்தத் துருவமும் சுருளும் எதிராக இருக்கும்படி செய்திருந்தால்தான் அடங்கும், இதில் அப்படிச் செய்யவில்லை. காந்தத்தையே தூண்களாகச் சுருளுக்குள் இறக்கியிருக்கும் விலைகூடிய அல்நிகோ பிக்அப்பாக இருந்தால் இதை வீட்டில் திருத்துவது லேசில்லை. இந்த மலிவு பிக்அப்பில் தூண்கள் வெறும் இரும்பு, காந்தம் அடியில் ஒட்டிய ஒரு செராமிக் பட்டை. பட்டையைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, புரட்டி ஒட்டி, இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் முடிந்தது. சால்டரிங் அயர்னை பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.